செல்வராஜ் எதையும் கழற்றி விற்கவில்லை

ஜெயபுரம் மருதமுத்து செல்வராஜ் காலமான செய்தி எனக்கு ஒரு பதாகையின் படமாகத்தான் வந்து சேர்ந்தது. காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பால் கூட்டுறவுச் சங்கத்தின் கைபேசிக் குழுவில் அந்தப் படம் கிடந்தது. நடுவில் அவருடைய பழைய புகைப்படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே ‘எங்கள் சங்கத்தின் உற்ற தோழனே, கைராசி மிக்க மேதையே’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே, தலைவரும் நிர்வாக சபையினரும். வாசித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. உற்ற தோழனாம். அவரைக் கள்ளன் என்று சொல்லி, எங்கள் வாகனம் இனி அவருடைய கராஜுக்குப் போகக் கூடாது என்று தீர்மானம் போட்டதும் இதே சங்கந்தான்.

முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு நானும் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று அவருடைய மனைவி லட்சுமி அக்கா கேட்டார். “நீங்க நல்லா எழுதுவீங்க. சங்கத்துக் கூட்டக் குறிப்பெல்லாம் இத்தனை வருசமா நீங்கதானே எழுதினீங்க” என்றார். கேட்பவர்களுக்கு அது கள்ளமில்லாத பேச்சாகத்தான் பட்டிருக்கும். எனக்குக் குத்தியது. ஆகையால் இதில் நான் புகழ்மாலை கட்டப் போவதில்லை. அவரை அறிந்த உங்களுக்கு, அவரைப் பற்றி நீங்கள் நம்பிய ஒரு பொய்யைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தேவாரத்துக்குப் போகலாம்.

செல்வராஜை நான் முதலில் கண்டது, யுத்தம் முடிந்து எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில். எங்கள் கூடார வரிசைக்குத் தண்ணீர் கொண்டுவந்த பவுசர் லொறி ஒரு நாள் வந்து நின்றது, பிறகு நகரவில்லை. பின்னால் இன்னும் ஐந்து வரிசைச் சனம் வாளிகளோடு நின்றது. ஓர் ஒல்லியான மனிதர் தன் வாளியை மனைவியிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனார். பவுசர் சாரதியிடம் இருந்தது ஒரு குறடும் ஒரு துண்டு ரப்பர் குழாயுந்தான். டீசல் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருந்ததாம். வாயால் உறிஞ்சி உறிஞ்சித் துப்பி, அரை மணித்தியாலத்தில் பவுசரை ஓட வைத்தார். அன்று அந்தத் தண்ணீரைக் குடித்த ஒருவரும் அவர் எந்த ஊர், எந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்று விசாரிக்கவில்லை. தாகத்தில் அதெல்லாம் ஞாபகத்துக்கு வராது போலும்.

மலையகத்தில் கலவரம் நடந்த காலத்தில் தாய் தகப்பனோடு சிறுவனாக வன்னிக்கு வந்தவர் அவர். ஜெயபுரத்தில் காடு வெட்டிய குடும்பம். எங்களோடு கதைக்கும்போது எங்களைப் போலவே ‘ஓம்’ என்பார். கோபமோ கவலையோ வந்தால் மாத்திரம் மலையகப் பேச்சு வெளியே வரும். மீளக்குடியேறிய பின் ஜெயபுரத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் கராஜ் போட்டார். எங்கள் சங்கத்துக்கு ஒரு பெற்றோல் பிக்கப் கிடைத்த நாளிலிருந்து அதைப் பார்த்தவர் அவர்தான்.

அவரோடு பழகுவது இலகு என்று நான் சொல்லமாட்டேன். காலபோக அறுவடை முடிந்த நேரம், ஒரு நாள் எங்கள் பிக்கப் பால் எடுப்பதற்காகத் தலைவரின் வயலுக்குள் இறங்கி வைக்கோலின் மேல் நின்றது. வீதியால் சைக்கிளில் போன செல்வராஜ் கண்டுவிட்டார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து வாகனத்துக்கு அடியில் தவழ்ந்தார். எஞ்சின் கக்கும் புகையைச் சுத்தம் செய்கிற பெட்டி ஒன்று அடியில் இருக்கிறது, கன்வேட்டர் என்பார்கள். ஓடி வந்து நிற்கும்போது அது நெருப்பாகக் கொதிக்கும். அதில் சிக்கியிருந்த வைக்கோலை இழுத்து எடுத்துக் காட்டினார். நுனி கருகியிருந்தது.

“அடுப்புக்கு மேல வைக்கோல் காயப்போடுவியளோ? இதுவும் அடுப்புத்தான்” என்றார்.

“செல்வராஜ் வாகனத்துக்குப் பேன் பாக்கிறார்” என்று தலைவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பிக்கப் வயலை விட்டு ஏறும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்.

இனி நான் சொல்ல வேண்டியது. நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு மறந்திருக்காது. சங்கத்துக்குக் கிடைத்த கிழமைப் பங்கு நாலு நாளைக்குக்கூடக் காணாது. பால் பங்கு பார்க்காது, வெயில் ஏறினால் திரைந்துவிடும். இரண்டு மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற பெண்கள் விடியப்புறம் பால் கானோடு வந்து நிற்பார்கள். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். இரண்டு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்வந்தோம். எங்களுக்குப் படியாத எஞ்சினும் உண்டோ என்ற திமிர் எங்கள் தலைமுறைக்கே உண்டு. எனக்கும் இருந்தது. வீட்டில் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பிக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைச் சாரதி வருமுன் பிக்கப்பின் தாங்கிக்குள் நான் ஊற்றினேன். ஒரு நாள் அல்ல, ஐந்தாறு கிழமை. நான், சங்கத்தின் செயலாளர். ஒருவருக்கும் சொல்லவில்லை.

சாரதி நிசார்தான் முதலில் வந்து முறையிட்டார். “சேர், வாகனம் இழுக்குதில்லை. பால் கானோட ஏத்தம் ஏறேக்க மூச்சு முட்டுது. கூழ்முட்டை மணமும் வருது.” எஞ்சின் விளக்கும் எரிந்தபடி இருந்தது. பட்டணத்துக் கராஜ் ஒன்றில் தலைவர் காட்டினார். கன்வேட்டர் அடைத்துவிட்டது, உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு வெறும் கோதைத் திரும்பப் பூட்டலாம், ஒரு மணித்தியால வேலை என்றார்கள். எங்கள் பக்கத்தில் இதுதான் வைத்தியம். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு கட்டி இருக்கும். அதன் மேல் பூசியிருக்கிற உலோகம் பொன்னைப் போல விலைபோகும். இடித்துக் கொட்டியது யாருடைய பைக்குள் போகிறது என்று வாகனக்காரர் கேட்பதும் இல்லை, கராஜ்காரர் சொல்வதும் இல்லை. செல்வராஜ் ஒருமுறை பார்க்கட்டும் என்று நான்தான் நிசாரை ஜெயபுரத்துக்கு விடச் சொன்னேன். நானும் போனேன்.

அவர் முதலில் ஒரு மரச் சுத்தியலால் கன்வேட்டரை மெல்லத் தட்டினார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. பிறகு அதற்கு முன்னால் குழாயில் பூட்டியிருந்த சென்சரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையோடு குளக்கட்டுவரை ஓடிவிட்டு வரும்படி நிசாரிடம் சொன்னார். பிக்கப் உழவு இயந்திரம் மாதிரி இரைந்தது. ஆனால் பழைய இழுவை வந்துவிட்டது. புகை வெளியேற வேறு வழி கிடைத்ததும் எஞ்சின் மூச்சு விட்டது, ஆகவே அடைப்பு அதற்குப் பின்னால் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். கன்வேட்டரைக் கழற்றி வெட்டித் திறந்தார். பாதி உருகிக் கட்டியாகிக் கிடந்தது. மற்றப் பாதியைக் காணவில்லை. நொறுங்கிப் பின்னால் சைலன்சருக்குள் போயிருக்கும் என்றார்.

“அப்ப புதுசு ஒண்டு போட்டால் சரிதானே?” என்று கேட்டேன்.

“செத்திட்டான் எண்டு சொல்ல டொக்டர் தேவையில்லை. ஏன் செத்தவன் எண்டு சொல்லத்தான் டொக்டர். இது தானாச் சாகிற சாமான் இல்லை, ஏதோ ஒண்டு கொல்லும். அதைப் பிடிக்காமல் புதுசைப் போட்டால் புதுசையும் கொல்லும்.”

பிளக்குகளைக் கழற்றினார். கரி படிந்து கிடந்தன. ஒழுங்காக எரியாத எண்ணெய் கன்வேட்டருக்குள் போய் அங்கே எரிந்திருக்கிறது, அந்தச் சூட்டில்தான் உருகியிருக்கிறது என்றார். நிசாரைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டுத் தாங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு வெள்ளைக் கடதாசியில் விட்டார். நல்ல பெற்றோல் காய்ந்தால் கடதாசியில் ஒன்றும் மிஞ்சாது. இது காய்ந்த பிறகும் எண்ணெய் வட்டம் ஒன்று அப்படியே இருந்தது. அவர் அதை முகர்ந்தார், என்னைப் பார்த்தார்.

“தண்ணிப் பம்பிக்கு விடுறது” என்றார்.

“பெற்றோல் அடிக்கிற செட்டில கலந்திருப்பாங்கள்” என்று சொன்னேன். எனக்கு நாக்குக் கூசவில்லை. அவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்து சேர்ந்தார். திறந்து கிடந்த கன்வேட்டரைக் குனிந்து பார்த்தார். “மற்றப் பாதி எங்க?” என்றார். சைலன்சருக்குள் இருக்கிறது, இதோ கழற்றிக் காட்டுகிறேன் என்று செல்வராஜ் சொன்னார். தலைவருக்கு அவசரம், நிற்கவில்லை. அடுத்த நாள் விடிய, பால் கொண்டுவந்த பெண்கள் என்னிடமே கேட்டார்கள், செல்வராஜ் எங்கள் வாகனத்துப் பொன்னைக் கழற்றி விற்றுவிட்டாராமே என்று. கடையில், கோயிலில், கமக்காரர் கூட்டத்தில் எல்லாம் அதே கதைதான். “தோட்டக்காட்டானிட்டக் குடுத்தால் வேற என்ன நடக்கும்” என்று ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். அவரும் அந்தப் பவுசரின் தண்ணீரைக் குடித்தவர். இந்த மலர் அவர் கைக்கும் வரும். தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

பட்டணத்துக் கராஜ்காரர் முழுவதையும் இடித்து எடுத்துக்கொண்டு போனால் அது ‘திருத்த வேலை’. செல்வராஜ் இருந்ததை இருந்தபடி திறந்து காட்டினால் அது களவு. இந்த நியாயத்தை எங்கே படித்தோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் சைலன்சரைக் கழற்றிக் குலுக்கி, உள்ளேயிருந்து விழுந்த சாம்பல் நிறத் துண்டுகள் முழுவதையும் ஒரு பத்திரிகைத் தாளில் கொட்டி, சபை வந்து பார்க்கட்டும் என்று மேசையில் நாலு நாள் வைத்திருந்தார். சபை வரவில்லை. நான் மட்டும் போனேன். பார்த்தேன். மற்றப் பாதிதான் அது, சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

பொதுக் கூட்டத்துக்கு அவரை அழைத்தார்கள். தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டோடு, அந்தப் பொட்டலத்தையும் கொண்டு வந்தார். கதிரை கொடுக்கவில்லை, நின்றபடிதான் பேசினார்.

“உள்ளுக்கிருந்தது உருகி நொறுங்கிப்போச்சுது. நொறுங்கினது எல்லாம் இதுக்குள்ள இருக்கு, ஆரும் பாக்கலாம். பெற்றோலோட மண்ணெண்ணெய் கலந்ததாலதான் உருகினது” என்றார்.

“அப்ப கலந்தது ஆர்?” என்று தலைவர் கேட்டார்.

செல்வராஜ் என் பக்கம் திரும்பவே இல்லை. “கலந்தவருக்குத் தெரியும். நான் சொல்லத் தேவையில்லை.”

சபை சிரித்தது. மாட்டிக்கொண்ட கள்ளன் வேறு என்ன சொல்வான் என்று ஒருவர் சொன்னார். பொட்டலத்தை ஒருவரும் அவிழ்க்கவில்லை. சங்க வாகனம் இனிமேல் அவரிடம் திருத்தப்படமாட்டாது என்று ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். நான் மேசையில் குனிந்தபடி எழுதினேன். ‘ஏகமனதாக’ என்ற சொல்லையும் சேர்த்து எழுதினேன்.

அதன் பிறகு அவருடைய கராஜுக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள். எந்த வாகனத்திலிருந்து எந்தச் சாமானைக் கழற்றினாலும், அது ஒரு துருப்பிடித்த ஆணியாக இருந்தாலும், சொந்தக்காரரின் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார். சொந்தக்காரர் பக்கத்தில் இல்லையென்றால் வேலையைத் தொடமாட்டார். சிலர் கதிரை போட்டிருந்து அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து விரலும் தேய உழைத்த மனிதருக்கு நாங்கள் கொடுத்த மரியாதை இது.

எங்கள் பிக்கப்பின் கதையையும் கேளுங்கள். பட்டணத்தில் வெறும் கோதைப் பூட்டினார்கள். எஞ்சின் விளக்கு எரியாமல் இருக்கப் பின் சென்சருக்கு ஏதோ ஒரு சுத்துமாத்துச் செய்தார்கள். கரி பிடித்த பிளக்குகளைத் துடைத்துத் திரும்பப் போட்டார்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் வாகனம் தோற்றது. இன்னொரு முறை கொண்டுபோனார்கள், இன்னொரு முறையும் தோற்றது. சான்றிதழ் இல்லாமல் வாகன வரிப்பத்திரம் எடுக்க முடியாது, வரிப்பத்திரம் இல்லாமல் வீதியில் ஓட முடியாது. அப்போது எங்கள் பெருமக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கதவில் எழுதியிருந்த சங்கத்தின் பெயரைப் பழைய கலண்டர் தாளால் மூடி ஒட்டி, நிசாரின் சொந்த வாகனம் என்று சொல்லி, விடியற்காலையில் செல்வராஜிடமே அனுப்பினார்கள். அனுப்பலாமா என்று என்னையும் கேட்டார்கள். நான் தலையாட்டினேன்.

“கதவுக்கு என்ன காயம், பிளாஸ்டர் ஒட்டியிருக்கு?” என்று மாத்திரம் நிசாரிடம் கேட்டாராம். பிறகு படுத்து அடியைப் பார்த்தார். பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கிற கொயில் பழுதாகியிருந்தது, அதையும் பிளக்குகளையும் மாற்றி, நல்ல நிலையில் இருந்த பழைய கன்வேட்டர் ஒன்றைத் தேடிப் பூட்டி, சென்சரில் செய்திருந்த சுத்துமாத்தையும் அகற்றினார். வாகனம் பரிசோதனையில் முதல் தடவையே தேறியது. அந்த மாதக் கூட்டக் குறிப்பில் ‘வாகனம் திருத்தப்பட்டது’ என்று இருக்கிறது. யாரால் என்று இல்லை. அதையும் நான்தான் எழுதினேன்.

சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்ததும் அவர் வவுனியாவில் நெளுக்குளத்தில் இருக்கிற மகளின் வீட்டுக்குப் போனார். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. ஒரு நாள் நான் போயிருந்தபோது கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. எனக்கு வாய் வந்தது.

“செல்வராஜ், அண்டைக்கு ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை?”

அவரிடமிருந்து வந்தது மலையகப் பேச்சு.

“நீங்களே சொல்லுவீங்கன்னு நெனைச்சேன் ஐயா. கூட்டத்துல எந்திரிப்பீங்க, இப்ப எந்திரிப்பீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“நான் எழும்பேல்லை எண்டு கண்ட பிறகாவது?”

“சொன்னா ஒங்களத் தூக்கியிருப்பாங்க. அப்புறம் அந்தப் பொம்பளைங்க பாலுக்குக் கொழுப்பு பார்த்து ஒள்ளத ஒள்ளபடி யாரு எழுதுறது? ஒங்களுக்கு முன்ன இருந்தவன் கொழுப்பக் கொறச்சு எழுதி என்ன பண்ணினான்னு லட்சுமிக்குத் தெரியும், அவளும் பால் ஊத்துனவதானே. எனக்கு வேல கையில இருக்கு. பேரு போனா வேலய வச்சிப் பொழச்சிக்கலாம்னு நெனைச்சேன்.” பிறகு மெதுவாகச் சொன்னார். “அது அப்படி இல்லைன்னு பொறகுதான் தெரிஞ்சிச்சு.”

அடுத்த பொதுக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்வேன் என்று அவருடைய கையைப் பிடித்துச் சொன்னேன். “சொல்லுங்க” என்றார். அதன் பிறகு இரண்டு பொதுக் கூட்டம் நடந்தது. முதலாவதில் நிகழ்ச்சி நிரல் நீண்டுவிட்டது. இரண்டாவதில் நான் ஓய்வு பெற்றேன், எனக்கு மாலை போட்டார்கள். மாலையோடு நின்று அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். அவர் வவுனியாவில் ஊசிகளோடு படுத்திருந்து என்ன செய்தி வருகிறது என்று காத்திருந்தாரோ, இல்லையோ. கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் நெளுக்குளம் போகவில்லை.

சவ வீட்டில் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “செல்வராஜின்ரை கை பட்டால் எந்த வாகனமும் ஓடும்” என்று பேசினார். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து நின்றோம். லட்சுமி அக்கா அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் இந்த மலருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்.

தலைவருக்கும் சபைக்கும் சொல்கிறேன். அந்தத் தீர்மானம் இன்னும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. உங்கள் உற்ற தோழன் இன்றைக்கும் உங்கள் புத்தகத்தில் கள்ளன்தான். பதாகையைக் கழற்றி வையுங்கள். கூட்டம் கூட்டி, அந்தத் தீர்மானம் பொய்யின் மேல் போடப்பட்டது என்று எழுதி, லட்சுமி அக்காவை அழைத்து, அவருக்குக் கதிரை கொடுத்து, அதைச் சத்தமாக வாசியுங்கள். மண்ணெண்ணெய் கலந்தது செயலாளர் என்றும் எழுதுங்கள், என் பெயரைப் போட்டு. இது அச்சில் வருவதால் இனி நான் மறுக்கவும் முடியாது.

இப்படியான கட்டுரையின் முடிவில், மறைந்தவரிடமிருந்து தன்னிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எழுதுவார்கள். என்னிடம் அவருடைய ஸ்பானர் ஒன்றுகூட இல்லை. அவரோடு சேர்ந்து எடுத்த படமும் இல்லை. அவர் வாயைத் திறக்காததால் எனக்கு மிஞ்சியது என் நல்ல பெயர் மட்டுந்தான். இத்தனை வருடமும் அதை வைத்துக்கொண்டுதான் இந்த ஊரில் நிமிர்ந்து நடந்தேன். நேர்மையான மனிசன் என்று சொல்லி, என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்று கதைத்துவிட்டுப் போகிறவர்கள் உங்களில் பலர். இனி இறங்க வேண்டாம்.